நீலத்திரை வந்தால் வைரஸ்தானா?

"கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றால் உள்ளே வைரஸ் புகுந்துவிட்டது, உடனே ஃபார்மட் செய்யுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சென்னை அபார்ட்மென்ட் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

மேற்கொண்டு ஓடினால் தரவு கெடலாம் என்று தெரிந்ததும் விண்டோஸ் தானாகவே நின்றுகொள்கிறது. அதுதான் நீலத்திரை. பெரும்பாலும் காரணம் பழுதான ரேம் (தற்காலிக நினைவகம்), ஒத்துவராத டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அல்லது டிஸ்க் கோளாறு. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படி முடங்கியதற்குக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட். காவலுக்கு வைத்ததே கவிழ்த்தது!

திரையில் வரும் ஸ்டாப் கோடை (பிழையின் குறியீடு) முதலில் மொபைலில் படமெடுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' கணினியிலேயே இருக்கிறது. ரேமைச் சோதிக்க அதை ஓட்டலாம். இரண்டு ரேம் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவு.

நீலத்திரையே வராமல் பட்டென்று அணைகிறதா? அப்போது சூட்டையும் பவர் சப்ளையையும் சந்தேகியுங்கள். அக்னி நட்சத்திர வெயில், தூசி அடைத்த ஃபேன்: பல பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தால் பதற வேண்டாம். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது.

சில வைரஸ்களாலும் நீலத்திரை வரலாம், சரி. அதற்கு ஒரு முழு ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள். ஃபார்மட் கடைசி வழி, அதுவும் பேக்கப் எடுத்த பிறகு.