“கார்ல தானே மேடம் போறீங்க?”

இந்தக் கேள்வியைப் பத்து நாள்ல மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. இன்னைக்கு மூணாவது ஆள் கேட்டதும் பதில் சொல்லக்கூட வாய் வரல. அவ்வளவு ஆத்திரம்.

நாங்க கொடைக்கானல்ல சின்னதா ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடை வெச்சிருக்கோம். ஏப்ரல், மே சீசன்ல தலை நிமிர நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ், பொங்கல் கூட்டமெல்லாம் இறங்கினப்புறம் பிப்ரவரியிலதான் எங்களுக்கு லீவு. அந்தமான்ல கடல் அமைதியா, தண்ணி தெளிவா இருக்குற மாசமும் அதுவேதான். ரெண்டு வருஷமா சேர்த்த காசுல ஹேவ்லாக் தீவுக்குப் போயி, காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டு கடலுக்கடியில நீந்துற ஸ்கூபா டைவிங் பண்ணணும்னு நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணினோம். 2018-ல அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க. பொறந்ததுலேர்ந்து மலையில கெடக்குறோம், பவளப்பாறையை ஒரு தடவை கண்ணால பாக்கணும். அவ்வளவுதான் ஆசை.

தீவுக்குப் போயி கோர்ஸ் எடுத்தா இருக்குற லீவு அதுலயே கரைஞ்சுடும். அதனால முன்னாடியே பாண்டிச்சேரியில சர்டிபிகேட் கோர்ஸை முடிச்சிடலாம்னு பிளான். கடல்ல நாலு டைவ். சனிக்கிழமை ரெண்டு, ஞாயித்துக்கிழமை ரெண்டு. கடைசி டைவ் பதினோரு மணிக்கு முடியும், “சாப்பிட்டுக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்கு வீட்டுல இருக்கலாம் மேடம்”னு டைவிங் சென்டர்லயே சொன்னாங்க. டைவ் பண்ணிட்டு உடனே பிளேன் ஏறக்கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க, நாங்க ஏழாயிரம் அடி ஏறணுமேன்னு கேட்டேன். அதுக்கு வந்த பதில்தான் மேல இருக்கு.

கார்ல போனா என்ன, மாட்டு வண்டியில போனா என்ன? உடம்புக்குத் தெரியுறது உயரம் மட்டும்தானே!

கடல்ல 10 மீட்டர் இறங்கினாலே உடம்பு மேல அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடும். 18 மீட்டர்ல கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்த அழுத்தத்துல மூச்சு விடும்போது காத்துல இருக்குற நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சு தங்கிடும். கரைக்கு வந்தப்புறம் அது மூச்சு வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளியேறணும், அதுக்கு மணிக்கணக்கு ஆகும். அதுக்குள்ள காத்தழுத்தம் கம்மியான இடத்துக்கு ஏறிட்டா, கோலியைத் தட்டின சோடா மாதிரி உடம்புக்குள்ள குமிழி கட்டும். மூட்டுல கட்டினா வலி. தண்டுவடத்துல கட்டினா கால் மரத்து நடக்கவே முடியாம போகலாம்.

பறக்குற விமானத்துக்குள்ள இருக்குற காத்தழுத்தம் சாதாரணமா 6,000லேர்ந்து 8,000 அடி உயர மலையில இருக்குற அழுத்தத்துக்குச் சமம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. ஊட்டி இன்னும் மேல, சுமார் 7,350 அடி. அப்போ எங்க படுக்கையறையும் பிளேன் சீட்டும் ஒண்ணுதானே? எங்க ஊர் பஸ்ல மலைப்பாதையில இருக்குற டம் டம் பாறை பக்கம் வந்தாலே டூரிஸ்ட் பிள்ளைங்க காது அடைக்குதுன்னு அழும். காதுக்குத் தெரியுது, கோர்ஸ் நடத்துறவங்களுக்குத் தெரியல.

இது நேத்து வந்த விஷயமும் இல்ல. 1908-லயே ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறைக்குள்ள (காத்தழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மூடின அறை) விட்டு சோதிச்சு, எவ்வளவு மெதுவா அழுத்தத்தைக் குறைக்கணும்னு அட்டவணையே போட்டுட்டார். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்னு டைவிங் பண்றவங்க பாதுகாப்புக்கு இருக்குற அமைப்பு சொல்ற கணக்கு, ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ், பல நாள்னா கொறைஞ்சது 18 மணி நேரம் காத்திருக்கணும். 2,000 அடியிலேர்ந்து 8,000 அடி வரைக்கும் இதுதான் கணக்கு. பதினோரு மணிக்குத் தண்ணியிலேர்ந்து எந்திரிச்சு ஒன்பது மணிக்குக் கொடைக்கானல்னா பத்து மணி நேரம். பத்து!

எனக்கு நெஜமாவே பயம் எங்கன்னா, இந்த நோவு பெரும்பாலும் அன்னைக்கு ராத்திரிக்குள்ளயோ மறுநாளுக்குள்ளயோதான் தலை காட்டும். எங்க ஊர்ல ராத்திரி முழங்கால், தோள்பட்டை வலிச்சா என்ன பண்ணுவோம்? குளிருக்கு வந்த வலின்னு யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்ச்சு, கம்பளியைப் போத்திப் படுத்துடுவோம். உடனே ஆக்சிஜன் குடுத்து, மலையிறக்கி, அழுத்த அறை இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய ஆளு, தைல வாசத்தோட தூங்கிட்டிருப்பாரு. மலைக்காரங்களுக்கு இதைச் சொல்லாம அனுப்புறது எவ்வளவு பெரிய பாவம்!

அடுத்து அந்தமான் டூர் ஏஜென்ட். அவர் போட்ட பிளான்ல மூணாம் நாள் டைவிங், நாலாம் நாள் டைவிங், ரெண்டு மணிக்கு முடிச்சு நாலு மணிக்குப் படகு, அஞ்சாம் நாள் காலை ஆறரைக்கு ஃபிளைட். விரல் விட்டு எண்ணினாலே பதினாறரை மணி நேரம்தான். ரெண்டாம் நாள் ராதாநகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அதை நாலாம் நாள் காலையில வெச்சுட்டு டைவிங்கை ஒரு நாள் முன்னாடி தள்ளுங்க, ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாதுன்னு கெஞ்சினேன். “பேக்கேஜ் ஃபிக்ஸ் மேடம். எல்லாரும் இப்படித்தான் போறாங்க, இதுவரை யாருக்கும் ஒண்ணும் ஆகல.” அப்போ கேன்சல் பண்ணுங்கன்னா அட்வான்ஸ் திரும்ப வராதாம். பிளேன் விஷயத்துலயே இப்படிப் பேசுறவர்கிட்ட நான் எங்க மலை ஏத்தத்தைப் பத்தி என்னன்னு சொல்ல?

டைவிங்குக்கு முன்னாடி எழுதிக் குடுக்குற மெடிக்கல் ஃபாரம் கதை இதை விட மோசம். வீட்டுக்காரருக்குப் பனிக்காலத்துல வீசிங் வரும். ஃபாரத்துல அதைப் பத்திக் கேள்வி இருக்கு. “எல்லாத்துக்கும் நோ போட்டு அனுப்பிடுங்க, எஸ் போட்டா டாக்டர் லெட்டர் கேப்பாங்க”ங்கிறார் அதே ஏஜென்ட். கேக்கத்தான் வேணும்! 10 மீட்டர்லேர்ந்து மேல வரும்போது நுரையீரல் காத்து ரெண்டு மடங்கு விரியும். சுருங்கின மூச்சுக்குழாய்ல அது மாட்டிக்கிட்டா நுரையீரலே கிழியலாம். பொய் எழுதச் சொல்றவர் கூடவா தண்ணிக்குள்ள இறங்கப் போறார்? நான் எஸ் போட்டுத்தான் குடுத்தேன். மதுரையில நெஞ்சு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. அவர் வேண்டாம்னு சொன்னா இவர் கரையில உக்காரட்டும், நான் மட்டும் இறங்குறேன்.

இவ்வளவு கோவத்துக்கும் தீர்வு எவ்வளவு சின்னது தெரியுமா? வத்தலக்குண்டு. அது மலையடிவாரம், 2,000 அடிக்கு ரொம்பக் கீழ. ஞாயித்துக்கிழமை ராத்திரி அங்க ஒரு லாட்ஜ்ல படுத்துட்டு திங்கக்கிழமை காலையில மலை ஏறினா பதினெட்டு மணி நேரம் தாண்டிடும். ஒரு ராத்திரி ரூம் வாடகை! ஊட்டி, குன்னூர்க்காரங்கன்னா மேட்டுப்பாளையத்துல தங்கலாம். “உங்க ஊர் எவ்வளவு உயரம்?”னு ஒரு கேள்வியை அந்த ஃபாரத்துல சேர்த்திருந்தா இதை அவங்களே சொல்லியிருக்கலாம். நானா படிச்சு, நானா கணக்குப் போட்டு, நானா கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

வத்தலக்குண்டுல ரூம் போட்டாச்சு. பாண்டிச்சேரி டைவிங் சென்டர் தம்பிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், இன்னும் பதில் இல்ல. நாளைக்குக் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுக்கு மறுபடி போன் போடப் போறேன். நாலாம் நாள் நான் தண்ணியில இறங்கப் போறதில்ல, அவர் பேக்கேஜ்ல என்ன எழுதியிருந்தாலும் சரி.