அழியாத கோப்பெல்லாம் வைரஸ் அல்ல

"அழிக்க முடியாத கோப்பு என்றால் வைரஸ்தான், வன்தட்டை ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்று ஒருவர் இணையத்தில் சொல்லியிருக்கிறார். யாரும் அவசரப்பட்டு அப்படிச் செய்துவிடாதீர்கள், வன்தட்டில் உள்ளதெல்லாம் போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்.

விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர் அழிக்க இடம் கொடுக்காவிட்டால், 'கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது' என்ற செய்தி வரும். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். பெயர் உடனே மறையும், வன்தட்டில் அது பிடித்த இடம் மட்டும் நிரல் மூடிய பிறகே திரும்பும்.

விண்டோஸில் கோப்பைப் பிடித்து வைத்திருப்பது எந்த நிரல் என்று அறிய, அதிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் பெட்டியில் கோப்பின் பெயரை இடுங்கள். நிரலின் பெயர் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் அதிலுள்ள ஃபைல் லாக்ஸ்மித் இன்னும் எளிது.

சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருக்கும் என் மாமாவும் போன மாதம் இதே பயத்தில்தான் அழைத்தார். கணக்கு நிரலின் சன்னலை மூடியிருந்தார். நிரலோ பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தியதும் கோப்பு அழிந்தது. (ஃபார்மட் செய்திருந்தால் இரண்டு வருடக் கணக்கும் போயிருக்கும், மாமா என்னோடு பேசியிருக்கவே மாட்டார்.)

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால் அது பெரும்பாலும் உரிமைச் சிக்கல், அதாவது அந்தக் கோப்பை அழிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு வழி வேறு.