ஒன்பது நடக்கிறது

ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பிரிட்டிஷ் கைதிகள் என்றதும், ஒரு ரொட்டித் துண்டைத் திருடியவனைக் கடல் கடந்து அனுப்பிய கல்நெஞ்சக்கார நீதிபதி ஒருவர் நம் கற்பனையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஜான் ஹட்சன் என்ற சிறுவனின் வழக்கு விசாரணையைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தக் கற்பனையில் நம்பிக்கை போய்விட்டது. 1783 டிசம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த அந்த விசாரணையின் பதிவு இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. வயதைக் கேட்கிறார்கள், ஒன்பது நடக்கிறது என்கிறான். தொழில் என்ன என்கிறார்கள். ஒன்றுமில்லை, சில சமயம் புகைபோக்கி சுத்தம் செய்வேன் என்கிறான். தாய் தகப்பன் உண்டா? இறந்துவிட்டார்கள். எவ்வளவு காலமாயிற்று? தெரியாது.

கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற மருந்து வணிகரின் வீட்டில் இரவில் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் துணிகள் ஆகியவற்றைத் திருடினான் என்பது குற்றச்சாட்டு. எல்லாம் சேர்த்து 22 ஷில்லிங் பெறும். ஜன்னலை ஒட்டிக் கிடந்த பழைய மேசையில் கரி படிந்த சின்னஞ்சிறு கால்விரல் தடங்கள் இருந்தன. வீட்டுக்காரர் அவற்றை ஒரு தாளில் கவனமாகப் படியெடுத்து வைத்தார். பக்கத்தில் தண்ணீர் கிடந்த ஓரிடத்தில் அவன் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு பெண் சாட்சி சொன்னாள். கழுவினால் போகிற கரியா அது? நான்கைந்து வயதுப் பிள்ளைகளையே புகைபோக்கிக்குள் ஏற்றிவிட்ட காலம் அது. எட்டு வயது நிரம்பாதவர்களை இந்தத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1788இல்தான். அதே ஆண்டின் தொடக்கத்தில் இவன் சிட்னியில் கரையிறங்கிவிட்டான்.

இரவில் வீடு புகுந்து திருடுவது, அதாவது கன்னக்களவு, அன்று தூக்குத்தண்டனைக்குரிய குற்றம். நீதிபதி அங்கேதான் குறுக்கிட்டார். சிறுவன் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை முழுதாக நம்பக் கூடாது, விடிந்த பிறகுகூட அவன் உள்ளே போயிருக்கலாம், இந்த இளம் வயதுப் பையனைக் கன்னக்களவுக் குற்றவாளியாக்குவது மிகக் கொடுமை என்று தீர்ப்பு சொல்ல வேண்டிய நடுவர் குழுவுக்கு (ஜூரிக்கு) எடுத்துச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடிந்தால் இவனை அழிவிலிருந்து பறித்தெடுக்க வேண்டும், விட்டுவிட்டால் பழைய வாழ்க்கைக்கே திரும்பிக் கெட்டவர்கள் கையில் கருவியாகிவிடுவான் என்றும் சொன்னார். கன்னக்களவு தள்ளுபடியாகித் திருட்டு மட்டும் நிலைத்தது. தண்டனை ஏழாண்டு நாடுகடத்தல். எனக்குத் தொண்டையில் சிக்குவது இந்த இடம்தான். அந்த நீதிபதி நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன். ஆனால் பெற்றவர்கள் இல்லாத பிள்ளையைக் காப்பாற்ற நினைத்த நல்லவர் கையை நீட்டித் துழாவியபோது, அகப்பட்டது கப்பல் ஒன்றுதான். பசித்த பிள்ளைக்கு ஒரு வேளைச் சோற்றையும் ஒரு கூரையையும் தரக்கூடிய உத்தரவு எதுவும் அவர் மேசையில் இருக்கவில்லை.

1784 ஏப்ரலில் 'மெர்க்குரி' என்ற கப்பலில் அவனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆறே நாளில் கைதிகள் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றி டோர்பே விரிகுடாவில் கொண்டுவந்து நிறுத்த, தப்பியவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டனர், சிறுவனும் பிடிபட்டான். அதன்பின் பிளிமத் துறைமுகத்தில் 'டன்கர்க்' என்ற பழைய கப்பலில், அதாவது மிதக்கும் சிறையில், வளர்ந்த ஆண்களோடு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். கெட்டவர்கள் கையில் சிக்கிவிடுவானே என்று நீதிபதி பயந்தது இந்த வயதுப் பையனுக்காகத்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகக் கைதிகளை ஏற்றிக்கொண்டு 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பிய பதினொரு கப்பல்களில் 'பிரெண்ட்ஷிப்' ஒன்று. அவன் அதில் இருந்தான். அந்த முதல் கப்பல் கூட்டத்தின் ஆண் கைதிகளில் மிக இளையவன் அவன்தான் என்கிறார்கள்.

இப்படி எழுதினால் உடனே மேரி வேடின் கதையைச் சொல்ல யாராவது வருவார்கள். எட்டு வயதுப் பெண்ணின் உடைகளைப் பறித்ததற்காக 1789இல் தூக்குத்தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, ஆஸ்திரேலியாவிலேயே பிள்ளைகளும் பேரர்களுமாகப் பெருகி 1859இல் இறந்த பெண் அவர்; அந்நாட்டின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவருடைய வழித்தோன்றல். நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வம்சம் தழைத்தவர்களுக்குக் கதை சொல்ல ஆளிருக்கிறது. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை அனுப்பிய ஓர் ஏற்பாட்டை, பிழைத்துத் தழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை எண்ணி நியாயப்படுத்துவது, அறுவடையானதை மட்டும் பார்த்துவிட்டு விதைத்ததெல்லாம் முளைத்தது என்று கணக்குச் சொல்வது போன்றது.

ஹட்சனை 1790 மார்ச்சில் சிட்னியிலிருந்து பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். ஆட்களை இறக்கிவிட்ட 'சிரியஸ்' கப்பல் அங்கேயே பாறையில் மோதி உடைந்துபோக, தீவில் இருந்தவர்கள் மலைமேல் கூடுகட்டிய கடற்பறவைகளைப் பிடித்துத் தின்று உணவுப் பஞ்சத்தைக் கடந்தார்கள். 1783 டிசம்பரில் விதித்த ஏழாண்டு 1790 டிசம்பரில் முடிகிறது. ஆனால் யாருக்கு எப்போது தண்டனை முடியும் என்று காட்டும் தாள்களை முதல் கப்பல் கூட்டத்தோடு அனுப்ப லண்டன் தவறிவிட்டிருந்தது.

1791 பிப்ரவரி 15 அன்று அவனுக்கு ஐம்பது கசையடி கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் குடிசைக்கு வெளியே நின்றது குற்றம். அப்போது அவனுக்குப் பதினாறு வயதிருக்கும். கணக்குப்படி தண்டனை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.