கப்பலில் நீச்சல் குளம் இருந்தது

போன மாதம் அஞ்செட்டிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுப் பாதையில் சிக்னல் போய்விட்டது, மேப் அசையவில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றேன். யானை நடமாட்டம் உள்ள பாதை அது. பத்தடி தள்ளி ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவரே கேட்டார்: "எந்த ஊருக்குப்பா போகணும்?"

சின்ன வயதில் அப்பாவோடு பல தடவை நடந்த வழி அது. தெரியாத வழியில் தவறியிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மகளோடு சேர்ந்து பார்த்த 'வால்-ஈ' படம்தான் அன்று முழுக்க மனதில் ஓடியது. 2008இல் வந்தது. பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு விண்கப்பலில் போன மனிதர்கள், 700 வருடமாக மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி, முகத்துக்கு நேரே திரையை வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒரு பெண்ணின் திரை அணைந்துபோகிறது. அப்போதுதான் சுற்றிலும் பார்க்கிறாள். கப்பலில் நீச்சல் குளம் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது! பத்தடி தள்ளி நின்ற அந்தப் பெரியவர் எனக்கு அப்படித்தான்.

எந்திரம் என்றாலே நமக்கு 'எந்திரன்' சிட்டி மாதிரி துப்பாக்கி தூக்கும் என்று பயம். 'வால்-ஈ'யில் கப்பலை ஓட்டும் எந்திரம் கெட்டதுகூட இல்லை. என்றைக்கோ மனிதர்கள் போட்ட உத்தரவை அப்படியே காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். கேப்டன் அதனிடமிருந்து கப்பலை மீட்க வேண்டுமானால் முதலில் எழுந்து நிற்க வேண்டும். அந்தச் சின்ன வேலையே அவருக்குப் பெரும்பாடாக இருக்கிறது. எத்தனையோ சண்டைக் காட்சிகளைவிட அதுதான் என்னைக் கலங்க வைத்தது. '2.0' படத்தில் வருவதுபோல செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் ஊரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் பறந்துபோனால் நமக்கு என்ன மிஞ்சும் என்று அந்தப் படம் பார்த்துவிட்டு யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

போனே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை என்று வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டு வண்டி ஏற்றுகிறோம். நஷ்டம் எவ்வளவு குறைந்தது என்று விவசாயியைக் கேட்டால் தெரியும். தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போனை எடுப்பது சரி. தெரிந்ததையும் அதனிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா மாமரத்தடியில் நின்று பிஞ்சைப் பார்த்தே இத்தனை கூடை வரும் என்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும். அதை நான் கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் என் மகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகளையும் கூட்டிப்போனேன். போனை அவள் பையில் போட்டுவிட்டு, புளியமரம் வந்தால் இடது பக்கம், முனியப்பன் கோயில் தாண்டினால் ஓடை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். திரும்பி வரும்போது அவள்தான் வழி சொன்னாள். அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பெரியவரைத் தேடினாள். அன்றைக்கு அவர் வரவில்லை.