கையெழுத்தோடு கணக்கையும் கேளுங்கள்

அமெரிக்க மாநிலக் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் துறையையும் சுற்றுச்சூழல் அறிவியல் துறையையும் மூடக்கூடாது என்று பிரபலங்கள் கையெழுத்திட்டுக் குரல் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் மூடுவதற்குக் காரணமாக நிர்வாகம் பெரும்பாலும் முன்வைப்பது, அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைத்தான். லத்தீன் முதல் வகுப்பில் வந்து உட்காரும் மற்ற துறை மாணவர்கள் அதில் வரமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்திலும் எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து எடுக்கும் கிரெடிட் (பாட அலகு) கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

"சேர்க்கை தற்காலிக நிறுத்தம்" என்று அறிவித்தால் உடனே எதிர்க்க வேண்டும். முதலாண்டில் இலக்கணம், அதற்குப் பிறகுதான் மூலநூல். ஒரு வருடம் ஆள் எடுக்காவிட்டால் அடுத்த வருடம் மேல்வகுப்பு காலி; அந்தக் காலியையே காட்டி துறையை மூடிவிடலாம். சுற்றுச்சூழல் துறையில் இழப்பு இன்னும் கொடியது. ஓடை நீரை அளக்காமல் விட்ட வருடத்தைப் பிறகு யாராலும் அளக்க முடியாது.

இரண்டும் சம்பந்தமில்லாத துறைகள் என்பவர்கள் 2020-ல் வந்த ஓக்மோக் எரிமலை ஆய்வைப் பார்க்கட்டும். கி.மு. 43-ல் அலாஸ்காவின் அந்த எரிமலை வெடித்ததை ஆர்க்டிக் பனிக்கட்டியில் கிடைத்த சாம்பல் துகள்கள் சொல்லின. அதே காலத்தில் கடுங்குளிர், பஞ்சம், நைல் வெள்ளம் பொய்த்தது ஆகியவற்றைச் சொன்னவை பழைய கிரேக்க, லத்தீன் ஏடுகள். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பாதிச் சான்று போயிருக்கும்.

இன்னொன்று: நிரந்தரப் பேராசிரியர்களை அதே கல்லூரி வேறு துறைக்கு மாற்றிக்கொண்டால் சம்பளச் செலவு அப்படியே நிற்கும். துறையை மூடினால் உண்மையில் மிச்சம் எவ்வளவு என்று, கல்லூரியை ஆளும் அறங்காவலர் குழுவின் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு வரும் கடிதத்துக்கு வலு குறைவு.