‘ரெக்லெஸ்’ பாட்டில் ஆடுவது இடைவெளிதான்

1984-ல் வந்த பிரேக் டான்ஸ் படமான ‘பிரேக்கின்’ என்றாலே எல்லாரும் ஓலி அண்ட் ஜெர்ரியின் பாட்டைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போன பாட்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தின் பாட்டு ஆல்பத்தில் ஆட்டக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்தது ‘ரெக்லெஸ்’தான். இசை கிறிஸ் ‘தி க்ளவ்’ டெய்லரும் டேவிட் ஸ்டோர்ஸும். ராப், ஐஸ்-டி. பின்னாளில் கேங்ஸ்டா ராப்புக்குப் பேர்போன அதே ஐஸ்-டி, படத்தில் கிளப் மேடையில் மைக்கோடு நிற்கிறார்.

ராப்பை மட்டும் கேட்டுவிட்டு ‘பழைய பாணி’ என்று ஒதுக்குகிறவர்கள் கீழே ஓடும் தாளத்தைக் கவனிப்பதில்லை. இந்தப் படத்தில் ஆடும் பாப்பிங் என்ற ஆட்ட வகையின் உயிர் ‘ஹிட்’: தசையைச் சட்டென்று இறுக்கி, அடுத்த கணமே விடுவது. அது பெரும்பாலும் ஸ்னேர் (‘டக்’ என்று வெட்டும் டிரம் அடி) மேல் விழும். ஸ்னேரைச் சுற்றி வெற்றிடம் இருந்தால்தான் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியும்.

இந்த வகைத் தாளத்தை நீங்களே கட்டிப் பாருங்கள். 808 என்ற மின்னணு டிரம் இயந்திரத்தின் சத்தம் தரும் எந்த ஆப்பும் போதும். வேகம் நிமிடத்துக்கு 120 அடி. ஒரு சுற்றுக்கு 16 கட்டம்; அதில் ஸ்னேர் 5, 13. கிக் (‘தும்’ என்ற அடிச்சத்தம்) 1, 7, 11. ஹை-ஹேட் (ஜால்ரா போன்ற சிறு சத்தம்) ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம். பலரும் சொதப்புவது கிக்கின் டிகே குமிழில், அதாவது சத்தம் அடங்க எவ்வளவு நேரம் என்று வைக்கும் குமிழில். 120 வேகத்தில் ஒரு கட்டம் 125 மில்லி விநாடி; 7-க்கும் 11-க்கும் நடுவே அரை விநாடிதான். டிகேயை அதற்குமேல் இழுத்தால் முந்தைய கிக்கின் வால் அடங்குமுன் அடுத்தது வந்து மோதும், அடிச்சத்தம் கூழாகிவிடும். இன்றைய ட்ராப் வகை ராப் பாட்டுக்கு அந்த நீளம் அழகு, இங்கே அது கேடு. ஸ்னேருக்கு ரிவெர்ப் (எதிரொலி) அள்ளிப் போடுவதும் அதே தப்புதான். அடிகளைச் சற்றுத் தள்ளி ஊசலாட வைக்கும் ஸ்விங்கையும் பூஜ்யத்தில் வையுங்கள்: 1980-ல் ரோலண்ட் வெளியிட்ட அந்த 808-ல் (டிஆர்-808) ஸ்விங் வசதியே கிடையாது. அந்த விறைப்புதான் ரோபோ ஆட்டத்துக்கு எலும்பு.

ஸ்க்ராட்ச்சை (இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் சத்தம்) கடைசியில், ராப் வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் மட்டும் சேருங்கள். வரிக்குமேல் போட்டால் இரண்டும் கெடும்.

படத்தில் எதிரணியாக வரும் பாப்பின் பீட், பாப் என் டாக்கோ இருவரையும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். ஸ்னேர் எங்கே விழுகிறது என்று அவர்கள் தோளைப் பார்த்தே எண்ணலாம்.

படத்தில் துடைப்பத்தோடு ஆடும் காட்சியின் பாட்டைத் தேடி ஆல்பம் வாங்க நினைப்பவர்களுக்கு: அது க்ராஃப்ட்வெர்க்கின் ‘டூர் டி ஃபிரான்ஸ்’, ஆல்பத்தில் இல்லை. தனியாகத்தான் தேட வேண்டும்.