விண்டேஜ் போர்ட் ஆண்டுதோறும் வருவதில்லை
போர்ட் என்பது பிராந்தி சேர்த்துச் செய்யும் இனிப்பான திராட்சை மது. சிறந்த ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் செய்வது விண்டேஜ் போர்ட். போர்ட் தயாரிக்கும் சைமிங்டன் குடும்பத்தின் புதிய விண்டேஜ் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ‘ஆண்டுக்கு ஓர் அறுவடை, ஆண்டுக்கு ஒரு விண்டேஜ்’ என்று எழுதியிருப்பது சரியல்ல. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சை ஆண்டுதோறும் விளைகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டின் மது விண்டேஜ் என்ற பெயரைத் தாங்குமா என்பதை, அது மரப்பீப்பாயில் கிடக்கும்போது பலமுறை சுவைத்துப் பார்த்த பிறகே குடும்பத்தார் அறிவிக்கிறார்கள். பத்தாண்டில் மூன்று முறை அமைந்தாலே பெரிது. இவர்களே 2011-க்குப் பிறகு 2016 வரை பொறுத்திருந்தவர்கள். அடுத்த ஆண்டே 2017-ஐயும் அறிவித்தபோது அது அபூர்வம் என்று பேசப்பட்டது. வறட்சியும் வெயிலும் சேர்ந்து ஆகஸ்டிலேயே பறிப்பைத் தொடங்க வைத்த ஆண்டு அது. அறிவிக்காத ஆண்டுகளின் திராட்சை வீணாகுமா என்று அந்தக் கட்டுரையின் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஒரு பகுதி ‘டானி’ என்ற பழுப்பு நிறப் போர்ட்டாகப் பீப்பாயிலேயே பல ஆண்டுகள் முதிரும், ஒரு பகுதி நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் எல்.பி.வி. (தாமதமாகப் புட்டியில் அடைக்கும் விண்டேஜ்) என்ற பெயரில் புட்டிக்குப் போகும். நல்ல தோட்டம் ஒன்றின் பழம் மட்டும் தேறியிருந்தால் அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே வெளியிடுவார்கள். இக்குடும்பத்தின் கிரஹாம்ஸ் நிறுவனம் வெளியிடும் மால்வெடோஸ் அப்படிப்பட்டது. போர்ட்டோ நகருக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கையா நகரின் பழைய மதுக் கிடங்கு ஒன்றில், பொது விண்டேஜையும் ஒற்றைத் தோட்ட விண்டேஜையும் அடுத்தடுத்து எனக்கு ஊற்றித் தந்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. விலையும் குறைவு, இருபது ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம்.